அம்பத்தூர் அளந்த கதை

சைக்கிள் செயினில் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையே அரை அங்குலம். உலகின் எந்த மூலையில் செய்த சாதாரண சைக்கிள் செயினும் இதே அரை அங்குலம்தான், மில்லிமீட்டரில் 12.7. இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறிய பிறகும் இது மாறவில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் 0.06 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன், கூடிப்போனால் நூறு கண்ணியில் 6 மில்லிமீட்டர் கூடிவிடும். அப்படியானால், கடையிலிருந்து வாங்கிய புதுச் செயினே பல மாதம் ஓடித் தேய்ந்த செயினைப் போலப் பல்சக்கரத்தில் சரியாக உட்காராது.

இந்த வகை அளவுக் கண்டிப்போடுதான் சென்னையின் மேற்குப் புறநகரில் தொழில் வேர் பிடித்தது. 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. 1951-ல் ஹெர்குலஸ் சைக்கிள்கள் வரத் தொடங்கின. 1955-ல் ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ், 1960-ல் டி.ஐ. டைமண்ட் செயின். செயின் தொழிலில் கூட்டாளியாக வந்த அமெரிக்க டைமண்ட் நிறுவனம், 1903-ல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்துக்குச் செயின் கொடுத்த அதே நிறுவனம்.

பிறகு பாடி. அங்கே டி.வி.எஸ். குடும்பத்து ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன: வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், 1966-ல் போல்ட் நட்டு செய்யும் சுந்தரம் ஃபாஸனர்ஸ். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-ல் விஜயந்தா டாங்கி படைக்குப் போகத் தொடங்கியது. இந்தப் பெரிய ஆலைகளுக்கு நடுவே, 1964-ல் தமிழக அரசு அம்பத்தூர் தொழிற்பேட்டையைத் திறந்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம். நாலு லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் வைத்திருந்தவர்கூட அங்கே ஒரு ஷெட் எடுத்து, பெரிய ஆலைக்கு ஜாப் வொர்க் செய்ய முடிந்தது. பட்டரவாக்கம் ரயில் நிலையத்தில் இறங்கிக் கூட்டமாக நடந்துபோகும் ஷிஃப்ட் ஆட்கள் இந்தப் பகுதியின் அடையாளம்.

பேட்டையின் வரலாற்றைச் சொல்பவர்கள் மெஷின்களின் வரலாற்றைச் சொல்வார்கள். லேத் போய் சி.என்.சி. வந்தது, கை போய் ரோபோ வந்தது என்று கதை போகும். அதற்குள்ளே சொல்லப்படாமல் இன்னொரு வரலாறு இருக்கிறது. செய்த பொருள் சரியா என்று யார் சொல்வது, எதை வைத்துச் சொல்வது? ஒரு சின்னப் பட்டறை பிழைத்ததும் மூடியதும் பல நேரம் இந்தக் கேள்வியில்தான் முடிவானது.

முதலில் இருந்தது கேஜ். ஒரு துளை 20 மில்லிமீட்டர் என்று ட்ராயிங் சொல்லும், 0.02 வரை கூடலாம் என்று டாலரன்ஸும் கொடுத்திருக்கும். அதற்கு ஒரு ப்ளக் கேஜ். அதன் ஒரு முனை 20.00, மறுமுனை 20.02. முதல் முனை துளைக்குள் நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. 'கோ', 'நோ கோ'. எண் படிக்க வேண்டாம், கணக்குப் போட வேண்டாம்; ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கான ஜாப்பை ஒரே ஆள் பார்த்து வைத்துவிடுவார். இவ்வளவு எளிதாகத் தெரியும் இந்த ஏற்பாட்டுக்கு ஓர் இலக்கணம் உண்டு. அதை 1905-ல் வகுத்தவர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் லென்ஸ் தொழில் நடத்திய வில்லியம் டெய்லர். 'கோ' முனை பொருளின் முழு வடிவத்தையும் ஒரே நேரத்தில் சோதிக்க வேண்டும், 'நோ கோ' முனை ஒவ்வோர் அளவையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்பது அவர் சொன்ன விதி. இன்றும் கேஜ் செய்பவர்கள் அதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

கேஜ் சரியா என்று பார்க்க ஸ்லிப் கேஜ். ஸ்வீடனில் எஸ்கில்ஸ்டூனா துப்பாக்கித் தொழிற்சாலையில் ஆய்வாளராக இருந்த யோஹான்சன் 1896-ல் யோசித்த ஏற்பாடு இது. கண்ணாடி போல இழைத்த 102 எஃகுக் கட்டைகள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவைத்துச் சேர்த்தால் 20,000 வெவ்வேறு அளவுகள் கிடைக்கும். எந்த டூல் ரூமுக்குப் போனாலும் பூட்டி வைத்திருக்கும் மரப்பெட்டி இதுதான்.

கேஜுக்கு ஒரு பெரிய குறை உண்டு. 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. டூல் மெல்ல மெல்லத் தேய்ந்து, அளவு விளிம்பை நெருங்குவதைக் கடைசி நிமிடம் வரை காட்டாது. அளவுகளை எண்ணாகக் குறித்துப் படம் போட்டு, கெடுவதற்கு முன்பே கெடப்போவதைக் கண்டுபிடிக்கும் முறையை அமெரிக்காவில் வால்டர் ஷூஹார்ட் 1920களில் உருவாக்கியிருந்தார். புள்ளியியலாளர் மகாலனோபிஸின் அழைப்பில் 1947-48-ல் அவர் இந்தியாவுக்கே வந்து போனார். ஆனால் அந்த முறைக்கு மைக்ரோமீட்டரும், அதைப் படித்து எழுதும் பொறுமையும் வேண்டும். அம்பத்தூரின் சின்ன ஷெட்டுக்குள் அது நுழைய முப்பது, நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

அங்குலத்திலிருந்து மில்லிமீட்டருக்கு மாறியதும் இதே காலத்தில்தான். 1956-ல் சட்டம், 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக நடைமுறை. ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல் என்று கணக்குப் பார்த்துப் பழகிய கைகள் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பேசக் கற்றுக்கொண்டன. அந்தத் தலைமுறையின் உழைப்புக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

ஒளி இந்தக் கதைக்குள் முதலில் வந்தது நிழலாக. முதல் உலகப் போரில் ஒரு தொழிற்சாலையின் திருகு இன்னொன்றின் நட்டில் பொருந்தாத தொல்லை அமெரிக்காவைப் படுத்தியது. திருகு மரையின் கோணமும் வளைவும் மைக்ரோமீட்டரால் பிடிபடாதவை. வெர்மான்ட் மாநிலத்தில் மெஷின் தொழில் நடத்திய, பின்னர் அந்த மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்த ஜேம்ஸ் ஹார்ட்னெஸ், தொலைநோக்கி செய்வதில் கைதேர்ந்த ரஸ்ஸல் போர்ட்டரோடு சேர்ந்து 1920களில் ஒரு வழி கண்டார். திருகின் பின்னால் விளக்கை வைத்து, அதன் நிழலை லென்ஸ் வழியே பெரிதாக்கித் திரையில் விழச் செய்தார்கள். பட்டறைகள் ப்ரொஃபைல் ப்ரொஜெக்டர் என்று சொல்வது இதைத்தான். ஐம்பது மடங்கு பெரிதாக்கினால் 0.02 மில்லிமீட்டர் பிழை திரையில் ஒரு மில்லிமீட்டராகத் தெரியும். ட்ராயிங்கை அதே அளவுக்குப் பெரிதாக வரைந்த ட்ரேசிங் தாளைத் திரைமேல் ஒட்டிவிட்டால் போதும். நிழல் கோட்டைத் தாண்டுகிறதா என்று எதிரே நிற்கும் எவரும் சொல்லிவிடலாம். மரை, பல்சக்கரம், ரப்பர் வாஷர், தகடு வெட்டிய சின்னப் பாகம் எல்லாம் இதில் அடங்கும். தொடாமலேயே அளக்கலாம் என்பதை உலகெங்கும் பட்டறைகள் கற்றது இந்த நிழலில்தான். ஆனால் நிழலில் விளிம்பு மட்டும்தான் தெரியும். மேடும் பள்ளமும் தெரியாது.

இரண்டாம் உலகப் போருக்கு முன் ஸ்காட்லாந்தின் டார்ப்பிடோ தொழிற்சாலையில் ஸ்டான்லி பார்க்கர் என்பவர் ஒரு கேள்வி கேட்டார். ஒரு துளை குறித்த இடத்திலிருந்து இடம் வலமாக இவ்வளவு, மேல் கீழாக இவ்வளவு நகரலாம் என்று ட்ராயிங் சொல்கிறது. அப்படியானால் அனுமதித்த இடம் ஒரு சதுரம். மூலை விட்டத்தில் மட்டும் கூடுதல் சலுகை ஏன்? போல்ட் வட்டமானதுதானே, அனுமதியும் வட்டமாக இருக்கட்டும் என்றார். பழைய முறையில் ரிஜெக்ட் ஆன பல பாகங்கள் நன்றாகவே பொருந்தின என்பதை அவர் காட்டினார். இன்று பல ட்ராயிங்குகளில் கட்டம் கட்டமாக வரும் வடிவ டாலரன்ஸ் குறிகளின் தொடக்கம் அது. அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது. இடமும் வடிவமும் சரியாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் ட்ராயிங்குக்குள் ஏறியது.

அதை அளக்க வந்தது சி.எம்.எம். என்ற ஆயத்தொலை அளவீட்டு மெஷின். ஸ்காட்லாந்தின் ஃபெர்ரான்டி நிறுவனம் 1959-ல் பாரிஸ் கண்காட்சியில் முதல் வடிவத்தைக் காட்டியது. 1972-ல் கான்கார்டு விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினுக்குள் மெல்லிய குழாய்களை அளக்க வழியில்லாமல், டேவிட் மெக்மர்ட்ரி மாணிக்க உருண்டை வைத்த தொடு முனையை உருவாக்கினார். முனை பட்டதும் மெஷின் அந்தப் புள்ளியின் மூன்று திசை அளவையும் பதிந்துகொள்ளும். கருங்கல் மேசை, காற்றுத் தாங்கிகள், கணினி ஆகியவற்றோடு இந்த மெஷின் பெரிய ஆலைகளுக்குள் குடியேறியது.

கூடவே ஏ.சி. அறையும் வந்தது. உலகம் முழுக்க நீள அளவுகள் எல்லாம் 20 டிகிரி வெப்பத்தில் உள்ளவை என்று 1931-லேயே ஒப்புக்கொண்டாயிற்று. 1951-ல் ஐ.எஸ்.ஓ. அமைப்பு வெளியிட்ட முதல் பரிந்துரையே இதுதான். அம்பத்தூரில் மே மாத ஷெட்டுக்குள் 35 டிகிரி என்பது சாதாரணம். அந்த 15 டிகிரி வித்தியாசத்தில் 100 மில்லிமீட்டர் எஃகுத் துண்டு 17 மைக்ரான் நீளும். அலுமினியம் என்றால் அதைப்போல இரு மடங்கு. டாலரன்ஸே 20 மைக்ரானாக இருக்கும்போது, வெயிலில் சரியாக இருந்த ஜாப் வாங்குபவரின் ஏ.சி. அறையில் ரிஜெக்ட் ஆவதில் வியப்பில்லை. இரு தரப்பும் நேர்மையாகத்தான் அளந்திருப்பார்கள். வெப்பத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இங்கேதான் அதிகாரம் கை மாறியது. கேஜ் காலத்தில் தீர்ப்பு மெஷின் பக்கத்திலேயே இருந்தது. டர்னரே பார்த்து 'ஓ.கே.' சொல்லுவார். சி.எம்.எம். காலத்தில் தீர்ப்பு வாங்குபவரின் அறைக்குள் போய்விட்டது. ராணுவத் தளவாடத்தில் இது முன்பே விதியாக இருந்தது: ஆவடியில் செய்பவர் ஓர் அமைப்பு, தரம் பார்ப்பவர் வேறோர் அமைப்பு. 1990களில் அதே கண்டிப்பு கார் தொழிலுக்கும் வந்தது. 1992-ல் சுந்தரம் ஃபாஸனர்ஸ் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடிகள் கொடுக்கத் தொடங்கியது. 1994-ல் அமெரிக்காவின் மூன்று பெரிய கார் நிறுவனங்களும் சேர்ந்து கொண்டுவந்த க்யூ.எஸ். 9000 தரவிதி, பொருளை அளந்தால் போதாது, அளக்கும் முறையையே சோதித்துக் காட்டு என்றது. ஒரே ஜாப்பை மூன்று பேர் மீண்டும் மீண்டும் அளந்தால் ஒரே விடை வருகிறதா? பல பட்டறைகளில் வரவில்லை. ஜாப்பில் இருப்பதாக நினைத்த பிழையில் ஒரு பங்கு அளந்த கையில் இருந்தது தெரியவந்தது.

1998-ல் பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ கார் வெளிவந்தது. அதே ஆண்டு பாடியின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு, தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் முறை. பின்னால் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அம்பத்தூர் பேட்டையின் ரானே பிரேக் லைனிங், லூகாஸ் டி.வி.எஸ். என்று வரிசை நீண்டது. சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இத்தனை டெமிங் பரிசுகள் இந்தியாவில் வேறெங்கும் காண்பது அரிது. சென்னை இதைப் பெருமையாகப் பேசிக்கொள்வதே இல்லை. பேச வேண்டும்.

சி.எம்.எம். எவ்வளவு நுட்பமானாலும் ஒரு நேரத்தில் ஒரு புள்ளியைத்தான் தொடும். இயந்திரத்தில் கடைந்த துளைக்கு அது போதும். வார்ப்பில் வந்த அலுமினியப் பெட்டிக்கும், பிரஸ்ஸில் அமுக்கிய தகட்டுக்கும், அச்சில் வந்த பிளாஸ்டிக் மூடிக்கும் அது போதாது. இவற்றில் நேர்க்கோடு குறைவு, வளைவு அதிகம். அமுக்கிய தகடு டையை விட்டு வந்ததும் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். வார்ப்பு குளிரும்போது ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். நாற்பது புள்ளி தொட்டுப் பார்த்து எல்லாம் சரி என்று அனுப்பினால், நாற்பத்தோராவது இடத்தில் வீங்கியிருக்கும்.

இதற்குத்தான் ஒளி ஸ்கேனிங். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து 1990-ல் தொடங்கிய ஜி.ஓ.எம். இதில் முன்னோடி, 2019-ல் அதை ஸைஸ் வாங்கிக்கொண்டது. கையில் பிடித்து அளக்கும் லேசர் ஸ்கேனர்களைக் கனடாவின் கிரியாஃபார்ம் பரப்பியது. இன்று அம்பத்தூர், திருமழிசை, திருமுடிவாக்கம் பேட்டைகளில் வேலை செய்பவர்களுக்கு இந்த ஸ்கேனர்கள் வீசும் நீல ஒளி புதிய காட்சியல்ல.

வேலை நடக்கும் விதம் இது. ப்ரொஜெக்டர் ஜாப்பின் மேல் வரிவரியாக நீல ஒளியை வீசும். சமதளத்தில் நேராக விழும் வரி, மேட்டில் வளையும், பள்ளத்தில் ஒதுங்கும். சாய்ந்த கோணத்தில் இருக்கும் இரண்டு கேமராக்கள் அந்த வளைவைப் படம் பிடிக்கும். நில அளவையர் முக்கோணம் போட்டுத் தூரம் காணும் அதே கணக்கில் கணினி ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் கண்டுபிடிக்கும். சில வினாடிகளில் லட்சக்கணக்கான புள்ளிகள் சேரும். நீலம் ஏன் என்றால், கேமராவில் வடிகட்டி போட்டு அந்த ஒரு நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அறையின் மற்ற வெளிச்சம் குறுக்கிடாது. ஜாப்பில் அங்கங்கே ஒட்டிய வட்டப் பொட்டுகளை அடையாளமாக வைத்து, திருப்பித் திருப்பி எடுத்த படங்கள் ஒன்றாக இணையும். கடைசியில் அந்த வடிவத்தைக் கணினி ட்ராயிங்கின்மேல் பொருத்தினால் வண்ணப்படம் வரும். பச்சை என்றால் சரி. சிவப்பு என்றால் உலோகம் கூடுதல், நீலம் என்றால் குறைவு. டை செய்பவர் எங்கே தேய்க்க வேண்டும், எங்கே வெல்டிங் வைத்து நிரப்ப வேண்டும் என்று அந்தப் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். முன்பு பலமுறை அடித்துப் பார்த்துத் திருத்திய டை, இப்போது குறைந்த முறைகளில் அமைந்துவிடுகிறது.

வரைபடமே இல்லாத பழைய பாகத்துக்கும் இது கைகொடுக்கிறது. தயாரித்த நிறுவனம் மூடிவிட்டது, ட்ராயிங் கிடைக்கவில்லை, கையில் இருப்பது தேய்ந்த ஒரே ஒரு துண்டு. அதை ஸ்கேன் செய்து, தேய்மானத்தைக் கணித்துத் திருத்தி, புதுப் பாகம் செய்துவிடலாம். பல்லாண்டுகள் ஓடும் மெஷின்கள் நிறைந்த பேட்டைக்கு இது பெரிய உதவி.

வண்ணப்படத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஸ்கேன் செய்த வடிவத்தை ட்ராயிங்கின்மேல் எப்படிப் பொருத்துகிறோம் என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. கணினியே எல்லாப் பக்கமும் பார்த்துச் சராசரியாகப் பொருத்தட்டும் என்று விட்டால், ஒரு மூலையில் இருந்த பெரிய பிழை எல்லா இடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிடப்பட்டு, படம் முழுக்கப் பச்சையாகத் தெரியும். வண்டியில் போல்ட் போட்டு மாட்டும்போது அந்த மூலை இடிக்கும். ஜாப் எந்த முகத்தில் உட்கார்ந்து, எந்தத் துளையில் பிடித்து வேலை செய்யப்போகிறதோ அந்த முகத்தையும் துளையையும் ஆதாரமாக வைத்துத்தான் பொருத்த வேண்டும். இதைத் தெரிந்தவர் பார்த்தால் ஒரு தீர்ப்பு, தெரியாதவர் பார்த்தால் வேறு தீர்ப்பு. விலை உயர்ந்த கருவியில் இத்தனை பெரிய ஓட்டை இருப்பதை விற்பவர்கள் அழுத்திச் சொல்வதில்லை.

பளபளக்கும் பரப்பும் ஸ்கேனருக்கு ஒவ்வாது. வெள்ளைப் பொடி ஸ்ப்ரே அடித்து மங்கலாக்க வேண்டும். அந்தப் பூச்சே சில மைக்ரான் தடிமன் கூட்டிவிடும். ஆழமான துளைக்குள் ஒளியும் கேமராவும் சேர்ந்து எட்டாது. பேரிங் உட்காரும் துளையை இன்றும் கேஜும் சி.எம்.எம்.மும்தான் பார்க்கின்றன. மீட்டருக்கே ஒளிதான் அளவுகோல்: 1960-ல் அது கிரிப்டான் ஒளியின் அலைநீளத்தால் வரையறுக்கப்பட்டது, 1983-லிருந்து ஒளியின் வேகத்தால் வரையறுக்கப்படுகிறது. ஆனாலும் பட்டறை ஸ்கேனரின் எண்ணுக்கு மதிப்பு வருவது, அதன் சோதனைத் தட்டு அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் வழியே டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை சங்கிலியாகத் தொடர்ந்தால்தான். அந்த அங்கீகாரத்தைத் தரும் என்.ஏ.பி.எல். வாரியம் 1988-லிருந்து இருக்கிறது. சான்று காலாவதியான ஸ்கேனர் எத்தனை லட்சம் புள்ளி எடுத்தாலும் பயனில்லை.

பேட்டையின் சின்ன முதலாளிக்கு இதில் என்ன நிலை? நல்ல ஸ்கேனரும் மென்பொருளும் வாங்கும் பணத்தில் அவர் இன்னொரு சி.என்.சி. மெஷின் வாங்கிவிடலாம், மெஷின் சம்பாதிக்கும், ஸ்கேனர் சம்பாதிக்காது என்று அவர் கணக்குப் போடுவது இயல்பு. அதனால் ஜாப்பை வெளியே ஸ்கேனிங் செய்பவரிடம் கொண்டுபோகிறார், அல்லது வாங்குபவரின் தீர்ப்பை அப்படியே ஏற்கிறார். ரிஜெக்ட் என்று திரும்பி வந்த சரக்கைத் தன் பங்கில் அளந்து, மறுத்துப் பேச அவரிடம் எதுவும் இல்லை. மழையும் அவரைத்தான் முதலில் அடிக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023-ல் மிக்ஜாம் புயலிலும் அம்பத்தூர் பேட்டைக்குள் தண்ணீர் புகுந்தது. மோட்டாரைக் காயவைத்து ஓட்டலாம். துருப்பிடித்த ஸ்லிப் கேஜை என்ன செய்வது?

வழி இல்லாமல் இல்லை. குறுந்தொழில்களுக்குப் பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் குழுமத் திட்டத்தில் மானியம் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் நந்தம்பாக்கத்தில் அக்மீ என்ற மெஷின் கண்காட்சியையே நடத்தும் வலுவுள்ள அமைப்பு. தமிழக அரசு 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய் செலவில் புதுப்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இவை மூன்றும் ஓரிடத்தில் சேர வேண்டும். பட்டரவாக்கம் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், வெள்ளம் ஏறாத மாடியில், 20 டிகிரி அறையில், என்.ஏ.பி.எல். சான்றோடு ஒரு பொது ஸ்கேனிங் மையம் வைக்கட்டும். மணிக்கு இவ்வளவு என்று சின்னப் பட்டறை தாங்கும் கட்டணம் வாங்கட்டும். ஐ.டி.ஐ. மாணவருக்கு லேத் ஓட்டக் கற்றுத்தருவதைப் போல, வண்ணப்படத்தைப் படிக்கவும், எந்த முகத்தை ஆதாரமாக எடுப்பது என்று முடிவு செய்யவும் அங்கேயே கற்றுத்தரட்டும். பேட்டையின் சங்கமும் மாநில அரசின் சிறுதொழில் கழகமான சிட்கோவும் இதை இந்த ஆண்டே கையில் எடுக்க வேண்டும்.